இக்னோ போஸ்ட் பேசிக் நர்சிங்: பிளாக்கா, பாடநூலா, கைடா?

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து வார்டில் வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தவர்களுக்குப் படிக்கப் புத்தகம் இல்லை என்ற குறை வருவதே இல்லை. பார்சலில் வந்த பிளாக்குகள், அதாவது இக்னோவே அச்சிட்ட பாடத் தொகுப்புகள், ஒரு பக்கம் கிடக்கும். முந்தைய பேட்ச் அக்கா கொடுத்துவிட்டுப் போன பழைய பாடநூல்கள் இன்னொரு பக்கம். கடையில் வாங்கிய கைடு ஒன்று இருக்கும். போதாததற்கு வாட்ஸ்அப் குரூப்பில் நாள்தோறும் வந்து விழும் பிடிஎஃப்கள்.

பற்றாதது நேரம்தான். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி உட்கார்ந்தால் வாரத்துக்கு ஏழரை மணி. ஒரே ஒரு தாளுக்கு 16 வாரம் ஓடிவிடும். நைட் டூட்டி முடிந்து தூங்கிப்போன நாளையும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளையும் இன்னும் கழிக்கவில்லை. ஆகவே கையில் எடுக்கும் ஒவ்வொன்றையும் பார்த்து, இது என் 120 மணியில் எத்தனையைத் தின்னும், பதிலுக்கு எத்தனை மார்க் தரும் என்று கேட்டாகவேண்டும்.

முதலில் வினாத்தாள்

புத்தகத்துக்குப் போகும் முன் பழைய வினாத்தாள்களை எடுங்கள். இக்னோ தளத்திலேயே ஜூன், டிசம்பர் என்று தேர்வுவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் காசு வாங்கிக்கொண்டு தரவேண்டிய பொருள் அல்ல. ஐந்து ஆண்டுத் தாள்கள், அதாவது ஒரு பாடத்துக்குப் பத்துத் தாள்கள் இருந்தால் போதும்.

தாளைப் பார்த்ததும் ஒன்று விளங்கிவிடும். இது டிக் அடிக்கும் தேர்வு இல்லை. மூன்று மணி நேரம், 70 மார்க். பெரும்பாலும் ஒரு கேள்வியே இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும்: முதலில் வரையறை, பிறகு காரணங்கள் அல்லது வகைகள், கடைசியில் செவிலியர் பராமரிப்பு. மார்க்கின் பெரும் பங்கு அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். கைடைப் படித்தவர் முதல் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மூன்றாவதை நான்கு வரியில் முடித்துவிடுவார். 'எல்லாம் எழுதினேன், ஏன் மார்க் வரலை?' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு நீள நோட்டு எடுத்து இடப்பக்கம் யூனிட் (பிளாக்கின் பாடப்பகுதி) பெயர்களை வரிசையாக எழுதுங்கள். மேலே ஜூன், டிசம்பர் என்று பத்துக் கட்டம். ஒவ்வொரு கேள்வியும் எந்த யூனிட்டிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தக் கட்டத்தில் அதன் மார்க்கைப் போடுங்கள். ஒரு பாடத்துக்கு ஒன்றரை மணி நேர வேலை. முடித்ததும் எந்த யூனிட் பத்தில் ஏழெட்டு முறை வந்திருக்கிறது, எது ஒரு முறைகூட வரவில்லை என்பது கண்ணுக்கு முன் நிற்கும். பாட எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். குரூப்பில் வரும் தாள்களில் வேறு பாடத்துடையதும் வேறு படிப்புடையதும் கலந்துகிடக்கும்.

இந்த அட்டவணை இல்லாமல் எந்தப் புத்தகம் வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான். கீழே சொல்லும் ஒப்பீடு முழுக்க இதை வைத்துத்தான்.

பிளாக்: முதுகெலும்பு, ஆனால் வயதானது

இந்தப் படிப்பை இக்னோ 1994-ல் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒத்துழைப்போடு தொடங்கியது. பிளாக்குகள் இதற்கென்றே எழுதப்பட்டவை. கேள்வி எந்த அளவில் வரும், எத்தனை ஆழம் வேண்டும் என்ற அளவுகோல் அவற்றில் இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டும் நோக்கங்களோடு தொடங்கும். நடுநடுவே 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' என்ற பயிற்சிக் கேள்விகள். கடைசியில் சுருக்கமும் விடைகளும். பலர் அந்தப் பயிற்சிக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வினாத்தாள் அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியும், சிறு கேள்விகளில் கணிசமானவை அவற்றின் சாயலில்தான் வருகின்றன.

இன்னொரு வசதி, பிளாக் செவிலியரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அறிகுறிகளைப் பட்டியல் போட்டுவிட்டு, 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்ற இடத்துக்கு வரும். தேர்வும் அங்கேதான் நிற்கிறது.

குறை அதன் வயதில்தான். உள்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டு இருக்கும், அதைப் பாருங்கள். மறுஅச்சு ஆண்டு வேறு, திருத்திய ஆண்டு வேறு. சமீபத்தில் மறுஅச்சானது என்பதற்காக உள்ளே இருப்பதும் சமீபத்தியது என்று ஆகிவிடாது. உடற்கூறியலில் இதனால் நஷ்டமில்லை. இதயத்துக்கு நான்கு அறை அப்போதும் இப்போதும். ஆனால் கீழ்க்கண்ட இடங்களில் பழைய பிளாக்கை அப்படியே ஒப்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

தடுப்பூசி அட்டவணை. 6, 10, 14 வாரங்களில் டி.பி.டி. (டிப்தீரியா, கக்குவான், ரணஜன்னி ஊசி) என்று மட்டும் இருந்தால் அது பழைய அட்டவணை. அதன் இடத்தில் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. வாய்வழி போலியோ மருந்து மூவகையிலிருந்து இருவகைக்கு 2016 ஏப்ரலில் மாறியது. தட்டம்மை ஊசியின் இடத்தில் இப்போது தட்டம்மை-ரூபெல்லா. கர்ப்பிணிக்கு ரணஜன்னி ஊசியான டி.டி. (TT) போய், டிப்தீரியாவும் சேர்ந்த டி.டி. (Td) வந்திருக்கிறது; தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவோம், விடைத்தாளில் ஆங்கில எழுத்தில்தான் வேறுபாடு தெரியும். பகுதி அளவு போலியோ ஊசியின் மூன்றாவது டோஸ் 9-வது மாதத்தில் 2023-லிருந்து சேர்ந்தது.

இதய-நுரையீரல் உயிர்ப்பிப்பு. காற்றுவழி முதலில், அழுத்தம் கடைசியில் என்ற வரிசை 2010-ல் தலைகீழானது. இப்போது நெஞ்சு அழுத்தம்தான் முதல். பெரியவர்களுக்கு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. பிளாக்கில் 15-க்கு 2 என்று பெரியவர்களுக்குப் போட்டிருந்தால் அந்தப் பக்கம் 2005-க்கு முந்தையது.

பிரசவத்தின் மூன்றாம் கட்டம். தொப்புள்கொடியை உடனே இறுக்கு, நஞ்சு வந்ததும் கருப்பையை விடாமல் தேய் என்பது பழைய பாடம். உலக சுகாதார நிறுவனத்தின் 2012 பரிந்துரைப்படி கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து இறுக்கவேண்டும்; கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்ட தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுப்பதற்கென்று தொடர்ந்து தேய்க்கவேண்டியதில்லை. கருப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. ரத்தப்போக்கு வந்தபின் தேய்ப்பது வேறு. அது சிகிச்சை, இன்னும் உண்டு. கைடுகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும்.

மனநல நர்சிங்கில் 1987-ம் ஆண்டு சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி வகைகளின் பெயர்களே மாறிவிட்டன: சுயமாகச் சேர்வது, ஆதரவோடு சேர்வது. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கொடுக்கத் தடை. சமுதாய நர்சிங்கில் திருத்திய தேசியக் காசநோய்த் திட்டம் 2020-ல் 'ஒழிப்புத் திட்டம்' என்று பெயர் மாறியது. மருத்துவக் கழிவில் கறுப்புப் பை இருந்த 1998 விதி போய், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற 2016 விதி வந்தது. உங்கள் வார்டில் தினமும் பார்க்கும் தொட்டிகளே சாட்சி. ஆனாலும் தேர்வறையில் பலர் கை பிளாக்கைத்தான் எழுதும்!

பிளாக்கில் ஒன்று, நடைமுறையில் ஒன்று என்றால் விடைத்தாளில் எதை எழுதுவது? நடப்பில் உள்ளதை எழுதுங்கள். ஆண்டையும் குறிப்பிட்டு, முன்பு இப்படி இருந்தது என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். திருத்துபவர் விடைக்குறிப்பில் பழையது இருந்தாலும் அந்த ஒரு வரி அவருக்குப் பாலம் போட்டுக்கொடுக்கும். பழையதை மட்டும் எழுதினால் விவரம் தெரிந்த திருத்துநரிடம் அடி வாங்கும். புதியதை மட்டும் எழுதினால் விடைக்குறிப்பை விட்டு நகராதவரிடம் அடி வாங்கும்.

அச்சா, பிடிஎஃப்பா என்ற கேள்வி அடுத்து வரும். இ-ஞான்கோஷ் தளத்தில் இக்னோவின் பாடப்பொருள் யூனிட் யூனிட்டாகக் கிடைக்கிறது. நைட் டூட்டியில் ஒரு மணி அமைதி கிடைத்தால் போனில் படிக்க அது போதும். ஆனால் அட்டவணையில் அடிக்கடி வந்த யூனிட்களைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதி இல்லையென்றால் அவற்றை மட்டும் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணிக்கொள்ளலாம். முழு பிளாக்கையும் போடவேண்டியதில்லை. ஓரத்தில் மேற்சொன்ன திருத்தங்களைச் சிவப்புப் பேனாவில் எழுத இடம் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் தாள்.

பாடநூல்: தாளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் அல்ல

பாடநூல் வாங்குவதில் செய்யும் தவறு, பெரிய பெயராகப் பார்த்து வாங்குவது. மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்குக்கு ப்ரூன்னர் நல்ல நூல்தான், மறுப்பில்லை. ஈராயிரம் பக்கத்தைத் தாண்டும் நூல் அது. மணிக்குப் பத்துப் பக்கம் என்று குறிப்பெடுத்துப் படித்தால் இருநூறு மணி. நான்கு கிரெடிட் தாளின் மொத்த நேரமே அதைவிடக் குறைவு. அதை அகராதி மாதிரி வைத்துக்கொள்ளலாம். பிளாக்கில் நோய்க்கூறு மெலிந்திருக்கும் இடங்களில் மட்டும் திறந்து, உதாரணமாக நீரிழிவு கீட்டோஅசிடோசிஸ் அல்லது தீக்காயத் திரவக் கணக்கு, இரண்டு பக்கம் படித்து மூடிவிடலாம். அதற்குச் சொந்தமாக வாங்கவேண்டுமா, ஆஸ்பத்திரியோடு இருக்கும் நர்சிங் பள்ளி நூலகத்தில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

உடற்கூறியல், உடலியங்கியலுக்கு ராஸ் அண்ட் வில்சன். இது ஒன்றை மட்டும் தயங்காமல் வாங்கலாம். படங்கள் தெளிவு, ஆங்கிலம் எளிது, செவிலியருக்கு வேண்டிய ஆழத்தோடு நின்றுவிடும். பழைய பதிப்பே போதும், பழைய புத்தகக் கடையில் கிடைத்ததே லாபம். படம் வரையச் சொல்லும் கேள்விகளுக்குப் பிளாக்கின் படங்களைவிட இதிலுள்ளவை கைக்கு வரும்.

சமுதாய நர்சிங்குக்குப் பார்க். இங்கே கதை நேர் எதிர்: பழைய பதிப்பு வாங்கினால் பணம் வீண். தேசியத் திட்டங்கள், தடுப்பூசி, சுகாதாரக் குறியீடுகள் எல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்நூல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போலப் புதிய பதிப்பு காண்கிறது. ஆயிரம் பக்கத்துக்குமேல் இருந்தாலும் தேவைப்படுவது சில அத்தியாயங்கள்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு புதிய பதிப்பை வாங்கி முறைவைத்துப் படிப்பது உத்தமம்.

மகப்பேறு நர்சிங்குக்குப் பலரும் டத்தாவை எடுக்கிறார்கள். அது மருத்துவ மாணவருக்கான நூல். இதன் விளைவைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை வரையறு (2), காரணங்கள் (3), உடனடிச் செவிலியர் பராமரிப்பு (5). கைடு படித்தவர் காரணங்களுக்குத் தசைத்தளர்ச்சி, காயம், தங்கிய திசு, உறைதல் கோளாறு என நான்கையும் மளமளவென்று எழுதிவிடுவார். பராமரிப்புக்கு 'தாயின் நிலையைக் கவனிக்கவும், மருத்துவரிடம் தெரிவிக்கவும்' என்று முடிப்பார். டத்தா படித்தவர் பராமரிப்புப் பகுதியில் கருப்பையைத் தையலிட்டு இறுக்குவது, ரத்தக்குழாயைக் கட்டுவது, கடைசியில் கருப்பையை அகற்றுவது என்று அறுவை அரங்குக்குள் போய்விடுவார். எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் செவிலியர் செய்யும் காரியம் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த ஐந்து மார்க்குக்கு உரியது, வார்டில் நீங்கள் செய்வதுதான். உதவிக்குக் குரல் கொடுப்பது. தாயை விட்டு நகராமல் கருப்பையைத் தேய்த்து இறுக்குவது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கதீட்டர் போட்டுக் காலி செய்வது, ஏனென்றால் நிரம்பிய பை கருப்பையைச் சுருங்கவிடாது. 16 கேஜ் அளவில் இரண்டு கான்யுலா. ரத்தவகைக்கும் பொருத்தம் பார்க்கவும் மாதிரி எடுப்பது. உத்தரவுப்படி ஒரு லிட்டர் திரவத்தில் 20 யூனிட் ஆக்ஸிடோசின். நஞ்சு முழுதாக வந்ததா என்று மடல்மடலாகப் பார்ப்பது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள், 10 நிமிடத்தில் மெதுவாக. ரத்த அழுத்தம் கூடியவருக்கு மெத்தில் எர்கோமெட்ரின் கூடாது என்ற எச்சரிக்கை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம். நனைந்த பேடை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு, எல்லாவற்றையும் நேரம் போட்டுப் பதிவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று நான்கு சொல். இந்த விடையின் எலும்புக்கூட்டைப் பிளாக் தரும், அளவுகளையும் காரணங்களையும் பாடநூல் தரும், மீதி உங்கள் வார்டு தரும். ஒரே புத்தகத்தில் இது மொத்தமாகக் கிடைக்காது.

கைடு வாங்குவதற்கு முன் மூன்று பக்கம்

கைடே தொடாதே என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு தலைப்புகளை ஓட்டிப் பார்க்க அது உதவும். விடையை எப்படித் தலைப்பு, துணைத்தலைப்பு என்று அடுக்குவது என்ற வடிவமும் அதில் கிடைக்கும். ஆனால் கைடுகளில் தரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று தட்டச்சுப் பிழைகள்கூட வம்சாவளியாக வரும். மருந்தளவில் ஒரு புள்ளி நகர்ந்தால் விடைத்தாளில் மார்க் போவதோடு முடியாது. தலையில் பதிந்துவிட்டால் வார்டிலும் வந்து நிற்கும்.

கடையில் நின்றபடியே மூன்று இடத்தைத் திறந்து பாருங்கள்.

முதலாவது எக்லாம்சியாவுக்கு (கர்ப்பகால வலிப்பு) மெக்னீசியம் சல்பேட். பிரிட்சார்ட் முறையில் தொடக்க அளவு மொத்தம் 14 கிராம்: 4 கிராம் சிரை வழியாக மெதுவாக, இரண்டு புட்டத்திலும் தலா 5 கிராம் தசையில் ஆழமாக. பிறகு 4 மணிக்கு ஒருமுறை 5 கிராம். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு ஆகிய மூன்றும் பார்த்திருக்கவேண்டும். அளவு மிஞ்சினால் முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம். கைடில் அளவு இருந்து இந்த மூன்று சோதனையும் முறிவு மருந்தும் இல்லையென்றால், எழுதியவர் செவிலியருக்காக எழுதவில்லை. இரண்டாவது இடம் மேலே சொன்ன 30-க்கு 2. மூன்றாவது தடுப்பூசி அட்டவணை. மூன்றில் ஒன்று தப்பினாலும் அந்தக் கைடை அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அட்டையில் 'புதிய பதிப்பு' என்று போட்டிருப்பதை நம்பிப் பயனில்லை.

கைடின் தம்பி ஒன்று உண்டு: விடையெழுதிய அசைன்மென்ட். காசுக்கும் கிடைக்கும், குரூப்பில் சும்மாவும் கிடைக்கும். இதை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். ஒரே விடையை நாற்பது பேர் காப்பி அடித்தால் அதிலுள்ள ஒரே தவறும் நாற்பது தாளிலும் வரும், திருத்துபவருக்குக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அதோடு அசைன்மென்ட் கேள்விகள் பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருடத்துக்கு எழுதிய விடையை இந்த வருடத்துக்குச் சமர்ப்பித்துத் திரும்ப எழுதவேண்டி வந்தவர்கள் ஏராளம். உங்கள் சேர்க்கைப் பருவத்துக்கு உரிய அசைன்மென்ட் தாளையே பதிவிறக்குங்கள். உண்மையில் அசைன்மென்ட்தான் தேர்வுக்கு இலவச ஒத்திகை. கையால், பிளாக்கைப் பார்த்து, உங்கள் சொல்லில் எழுதிய அசைன்மென்ட் ஒன்று கைடின் ஐம்பது பக்கத்துக்குச் சமம். கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் சொந்தக் கைடு.

எம்.சி.க்யூ. ஆப், வீடியோ

சேர்க்கைக்கான ஓபன்நெட் நுழைவுத்தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதற்கு எம்.சி.க்யூ. புத்தகமும் ஆப்பும் பொருத்தமானவை. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் போன்ற வேலைத் தேர்வுகளுக்கும் அப்படித்தான். அதே சந்தாவை நீட்டித்து இக்னோவின் ஜூன், டிசம்பர் தேர்வுக்கும் அதையே நம்புவதில்தான் பிசகு. நான்கில் ஒன்றைக் கண்டுபிடிக்கும் மூளை வேறு, வெள்ளைத்தாளில் ஒன்றுமில்லாமல் இருந்து பத்து வரி எழுப்பும் மூளை வேறு. பயணத்தில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நினைவைத் தட்டிப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ நகரும் விஷயங்களுக்கு நல்லது: இதயச் சுழற்சி, பிரசவத்தில் குழந்தைத் தலை திரும்பி இறங்கும் விதம், ஹார்மோன் பின்னூட்டம். ஐந்து பக்கம் படித்தும் புரியாதது எட்டு நிமிடத்தில் விளங்கும். சட்டம், நிர்வாகம், திட்டங்கள் போன்றவற்றுக்கு வீடியோ பார்ப்பது நேரக்கொலை. அமெரிக்க நர்சிங் சேனல்கள் பார்ப்பவர்கள் மருந்துப் பெயரில் கவனமாக இருங்கள்: அவர்கள் அசிட்டமினோஃபென் என்பது நம்முடைய பாராசிட்டமால், எபிநெஃப்ரின் என்பது அட்ரினலின். தமிழில் விளக்கும் சேனலில் கேட்டுப் புரிந்துகொள்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் தமிழில் புரிந்துகொண்டால்தான் மறக்காது. ஆனால் பார்த்து முடித்த கையோடு அதை அரைப்பக்க ஆங்கிலத்தில் எழுதிவிடவேண்டும். எழுதாமல் விட்டால் தேர்வறையில் விஷயம் நெஞ்சில் இருக்கும், வாக்கியம் வராது.

எழுதும் கை

எந்தப் பொருளை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 180 நிமிடத்தில் கேள்வி வாசிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 15 போனால் மிச்சம் 165. அதை 70-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஐந்து மார்க் விடைக்குப் பன்னிரண்டு நிமிடம், அவ்வளவுதான். வீட்டில் போனில் அலாரம் வைத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு விடை எழுதிப் பாருங்கள். முதல் முறை பாதியில் நிற்கும். வாரத்துக்கு ஆறு விடை இப்படி எழுதினால் இரண்டு மாதத்தில் ஐம்பதுக்கு அருகில் வந்துவிடும். பிறகு பிளாக்கைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். குட்டி வாக்கியங்கள் போதும். ஒரு வரிக்கு ஒரு செயல், ஒரு காரணம்.

பிராக்டிக்கலுக்கு எந்தக் கைடும் செல்லாது. அங்கே லாக் புக்கும் கேர் பிளானும்தான் பேசும். யாரோ எழுதிய கேர் பிளானை வாங்கி நோயாளி பெயரை மட்டும் மாற்றுபவர்கள் வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே சிக்கிவிடுவார்கள்: 'உங்க பேஷண்டுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு சிஸ்டர்?' லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கப் போனால் மேடம் லீவில் இருப்பார்.

கையில் இருக்கும் நாளுக்கு ஏற்ப

தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது என்றால் வினாத்தாள் அட்டவணை, முழு பிளாக், உடற்கூறியலுக்கு ராஸ் அண்ட் வில்சன், சமுதாய நர்சிங்குக்குப் புதிய பார்க்கில் பங்கு. கைடு வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தை ஜெராக்ஸுக்கு வையுங்கள்.

ஆறு வாரம்தான் இருக்கிறது, டூட்டியும் மாறவில்லை என்றால் முழு பிளாக்கை முடிக்கும் ஆசையை விடுங்கள். வாரத்துக்கு ஏழரை மணி வீதம் உங்களிடம் இருப்பது 45 மணி. அட்டவணையில் அதிகம் வந்த யூனிட்களில் முதல் பாதியை மட்டும் பிளாக்கில் படித்து, அவற்றுக்கு 30 மணி கொடுங்கள். மீதி 15 மணி முழுக்க எழுத்துக்கு. இந்த நிலையில் புதிதாகப் பாடநூல் வாங்குவது வீண். மூன்று பக்கச் சோதனையில் தேறிய ஒரு கைடு இருந்தால் மிச்ச யூனிட்களின் தலைப்புகளை ஓட்டிப் பார்க்க அது போதும்.

ஒரு தாளில் மட்டும் அரியர் விழுந்தவர்கள் பெரும்பாலும் செய்வது, 'இந்தப் புத்தகம் சரியில்லை' என்று வேறொன்று வாங்குவது. அதற்கு முன் நீங்கள் எழுதிய தேர்வின் வினாத்தாளைத் தரவிறக்கி, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து குறித்துப் பாருங்கள். கேள்வியே புரியாமல் விட்டது எத்தனை மார்க், தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது எத்தனை, எழுதியும் போனது எத்தனை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை பெரிதாக இருந்தால் பாடநூல் வேண்டும். இரண்டாவது பெரிதாக இருந்தால் அலாரம் போதும். மூன்றாவது பெரிதாக இருந்தால் நீங்கள் எழுதிய இரண்டு விடைகளைத் திரும்ப எழுதி, ஸ்டடி சென்டர் கவுன்சிலரிடமோ உங்கள் ஆஸ்பத்திரியில் பி.எஸ்சி. முடித்த சிஸ்டரிடமோ கொடுத்து, பராமரிப்புப் பகுதியில் எந்தச் செயல் விட்டுப்போனது என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.